‘உங்க ஓட்டைப் போட்டாச்சு’ என்றால் சாவடிக்குள் என்ன நடக்க வேண்டும்?

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்களா? ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும். இந்த மூன்றில் நடுவில் இருப்பது மட்டும்தான் உண்மை.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்களிக்க முடியாது. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருப்பது ‘இவர் யார்’ என்பதற்கு ஆதாரம், வாக்குரிமைக்கு அல்ல. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. சேலஞ்ச் என்பதோ வாக்காளர் கேட்டு வாங்கும் வசதியே அல்ல. அவருக்கு எதிராக, சாவடியில் இருக்கும் வேட்பாளரின் முகவர் ஒருவர் எழுப்பும் ஆட்சேபணை.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு நடைமுறைகளை ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான். வாக்களிக்க வந்திருப்பவர் உண்மையான ஆள் இல்லை என்று முகவர் சொன்னால் அது ஆட்சேபிக்கப்பட்ட வாக்கு (‘சேலஞ்ச்’), விதி 49ஜே (49J). உண்மையான ஆள் வந்து நிற்கிறார், ஆனால் அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்துவிட்டுப் போய்விட்டார் என்றால் அதுதான் ‘டெண்டர் ஓட்டு’ எனப்படும் ஆய்வுக்குரிய வாக்கு, விதி 49பி (49P). முன்னது கள்ள ஓட்டு விழும் முன்னால் தடுப்பதற்கு. பின்னது விழுந்த பிறகு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பதற்கு.

முதல் மேசையில்

இரண்டு பிரச்சினைகளும் பிறக்கும் இடம் முதல் வாக்குப்பதிவு அலுவலரின் மேசை. குறியிடும் வாக்காளர் பட்டியல் அவரிடம்தான் இருக்கும். வருபவரின் அட்டையைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். இதை முணுமுணுப்பாகச் செய்கிற சாவடிகள் நிறைய. முகவருக்குக் கேட்கவில்லையென்றால் ஆட்சேபணை உரிய நேரத்தில் வராது; ஆள் மையிட்டுக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவி மேசைக்குப் போன பிறகு கூச்சல் கிளம்பும். உரக்கப் படிப்பதுதான் சாவடியில் கைவசம் உள்ள மிக மலிவான பாதுகாப்பு.

வாக்காளர் அட்டை இல்லாதவர் காட்டக்கூடிய மாற்று ஆவணங்கள் 12: ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், படமுள்ள ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ., எம்.எல்.சி. அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை. ரேஷன் ஸ்மார்ட் கார்டு இதில் இல்லை. பூத் ஸ்லிப்பும் 2019-லிருந்து தனியாக அடையாளமாகச் செல்லாது. அது எந்த பாகம், எந்த எண் என்று தேடிப் பிடிக்க மட்டும் உதவும். ‘ஸ்லிப் இருக்கே’ என்று வருபவரோடு வாக்குவாதம் தேவையில்லை. மாற்று ஆவணம் ஒன்றைக் கேட்டால் போதும். வேறு தொகுதியில் வழங்கிய வாக்காளர் அட்டையைக் காட்டினாலும், பெயர் இந்தப் பட்டியலில் இருந்தால் அது செல்லும்.

பட்டியலில் ‘முருகன்’ என்பது ‘முருகண்’ என்று அச்சாகியிருக்கலாம், வயது இரண்டு கூடியிருக்கலாம், கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தந்தை பெயர் இருக்கலாம். இத்தகைய எழுத்து, அச்சுப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்று விதி 49எச் தெளிவாகச் சொல்கிறது. ஆள் அவர்தான் என்ற திருப்தி மட்டுமே வேண்டும். அட்டையில் உள்ள படம் வேறொருவருடையது என்றால் கதை வேறு. அப்போது மாற்று ஆவணம் கேட்க வேண்டும்.

இறந்தவர், இடம் மாறியவர், இல்லாதவர் என்ற பட்டியல் ஒன்று சாவடிக்குப் பொறுப்பான தலைமை அலுவலரிடம் தனியாக இருக்கும். அதில் பெயர் உள்ளவர் வந்தால் அதற்காகவே அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தவறாகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் அதில் உண்டு. ஆவணத்தைத் தலைமை அலுவலர் தாமே சரிபார்க்க வேண்டும், பெயரை முகவர்களுக்கு உரக்க அறிவிக்க வேண்டும், வாக்களிப்பவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையொப்பத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்க வேண்டும், உறுதிமொழியும் பெற வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர்களில் இந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை. இறந்தது தாத்தா, வந்திருப்பது பேரன் என்பதை வயதும் தந்தை பெயரும் காட்டிக்கொடுத்துவிடும்.

எது தலைமை அலுவலரின் வேலை இல்லை

ஆள் யார் என்பதை மட்டுமே அவர் விசாரிக்கலாம். பட்டியலில் இருக்கத் தகுதியானவரா என்பதை விசாரிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ‘இவங்க கல்யாணமாகி வேற ஊர் போய்ட்டாங்க சார், இங்க ஓட்டே இருக்கக் கூடாது’ என்று முகவர் சொல்வது அடையாள ஆட்சேபணை ஆகாது. அந்தப் பெண் பட்டியலில் உள்ள அதே பெண்தான் என்றால் வாக்களிக்கலாம். பெயரை நீக்கக் கோரும் காலம் வாக்குப்பதிவு நாளுக்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது.

வயது விஷயமும் இப்படித்தான். வந்தவர் 18 நிரம்பாதவர்போலத் தெரிகிறார், ஆனால் பட்டியலில் உள்ள நபர் அவர்தான் என்பதில் சந்தேகமில்லை. அப்போது பொய் உறுதிமொழிக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 31-ன்படி தண்டனை உண்டு என்று எச்சரித்து, வயது பற்றிய உறுதிமொழியை எழுதி வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும். ‘மீசையே முளைக்கல, போயிட்டு வா’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இரண்டு ரூபாய் ஆட்சேபணை

முகவர் ஒருவரை ஆட்சேபிக்க விரும்பினால் முதலில் 2 ரூபாயை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் தனித்தனியாக. ரசீதுப் புத்தகம் சாவடிப் பொருட்களோடு வந்திருக்கும். பணம் கைக்கு வராமல் விசாரணையைத் தொடங்கக் கூடாது. தொகை அற்பம்தான், முகவரை யோசிக்க வைப்பது தொகை அல்ல, தன் பெயரில் ரசீதும் பதிவும் விழுகிறது என்பது. வாய்க்கு வந்தபடி ‘கள்ள ஓட்டு, கள்ள ஓட்டு’ என்று கத்துபவரிடம் ரசீதுப் புத்தகத்தை எடுத்து நீட்டினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

பணம் கட்டிய பிறகு வரிசை இதுதான். ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று ஆட்சேபிக்கப்பட்டவரை எச்சரிக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 174-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பட்டியலில் உள்ள பதிவை முழுவதும் படித்துக்காட்டி ‘இதில் சொல்லப்பட்டவர் நீங்கள்தானா’ என்று கேட்க வேண்டும். அவர் பெயர், முகவரியை, ஆட்சேபிக்கப்பட்ட வாக்குகளின் பட்டியலான படிவம் 14-ல் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். இதற்குப் பிறகுதான் விசாரணை. முன்பின்னாக மாற்றினால், எச்சரிக்கையைக் கேட்டதும் நழுவப் பார்க்கும் போலி ஆள் எந்தப் பதிவும் இல்லாமல் போய்விடுவார்.

விசாரணை சுருக்கமானது. ஆதாரம் காட்டும் பொறுப்பு முதலில் முகவருடையது. ‘எனக்குத் தெரியும் சார்’ என்பது ஆதாரம் அல்ல. அவர் எதையும் காட்ட முடியாவிட்டால் ஆட்சேபணை அங்கேயே விழுந்துவிடும். வந்தவரை மேலும் குடைய வேண்டியதில்லை. முகாந்திரம் இருந்தால்தான் அடுத்தவர் முறை. அவரிடம் உறுதிமொழி வாங்கிக் கேள்வி கேட்கலாம், சாட்சி சொல்ல முன்வரும் வேறு எவரிடமும் உறுதிமொழி வாங்கலாம். அதே தெருவில் இருந்து வரிசையில் நிற்பவர், கிராம நிர்வாக அலுவலர், எந்த முகவருக்கும் வேண்டியவர் இல்லாத ஒரு பெரியவர் என யார் சொல்லும் உதவும்.

கேள்விகளைப் பட்டியலில் இருந்தே எடுப்பது நல்லது. ஆனால் பதிலைக் கேள்வியிலேயே கொடுத்துவிடக் கூடாது. ‘உங்க அப்பா பேரு ராமசாமியா?’ என்று கேட்டால் போலியும் ‘ஆமா’ என்பார். ‘உங்க வீட்டு இலக்கத்துல வேற யார் யாருக்கு ஓட்டு இருக்கு, அவங்க வயசு என்ன?’ என்று கேட்டால் மனப்பாடம் செய்து வந்தவர் தடுமாறுவார். போலியாக வருபவருக்கு ஸ்லிப்பில் உள்ள ஒரு வரிதான் தெரியும், பட்டியலில் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகள் தெரியாது. படிப்பறிவில்லாத மூதாட்டி தன் வயதைச் சொல்லத் தடுமாறினால் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆட்சேபணை நிரூபணமாகவில்லையென்றால் அவர் வாக்களிக்கலாம். நிரூபணமானால் வாக்களிக்கத் தடை. சரக காவல் நிலைய அதிகாரிக்கு எழுத்துமூலப் புகார் எழுதி, அதனுடன் அவரைப் பணியில் உள்ள காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். புகாரின் மாதிரிப் படிவம் தலைமை அலுவலருக்கான கையேட்டிலேயே இருக்கிறது. நாலு வரி நிரப்பினால் போதும். எழுத்து இல்லாமல் வாய்மொழியாக ஒப்படைத்தால் அந்த ஆள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வேறு சாவடிக்குப் போகவும் வாய்ப்புண்டு. 2 ரூபாயைப் பொறுத்தவரை, ஆட்சேபணை விளையாட்டுத்தனமானது அல்லது நல்லெண்ணமில்லாதது என்று தோன்றினால் மட்டுமே அரசுக்குப் பறிமுதல். தோற்றுப்போன ஆட்சேபணை எல்லாம் விளையாட்டுத்தனம் ஆகாது. மற்ற எல்லா நேரங்களிலும் விசாரணை முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், முகவர் தோற்றிருந்தாலும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: விசாரணை ஓரமாக நடக்கட்டும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். ஓர் ஆட்சேபணைக்காகச் சாவடியே நின்றால், தாமதத்தையே நோக்கமாகக் கொண்டவர்கள் அடுத்தடுத்து 2 ரூபாய் நீட்டிக்கொண்டே இருப்பார்கள். வரம்பு மீறி நடப்பவரை வெளியேற்றத் தலைமை அலுவலருக்கு 1951-ஆம் ஆண்டு சட்டத்தின் பிரிவு 132 அதிகாரம் தருகிறது.

உண்மையான ஆள் தாமதமாக வந்தால்

இப்போது மறுபக்கம். வாக்காளர் வருகிறார், அவர் பெயரின் கீழ் ஏற்கெனவே சிவப்புக் கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. உடனே டெண்டர் சீட்டை நீட்ட வேண்டாம். முதலில் இடது ஆள்காட்டி விரலைப் பாருங்கள். மை இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது. மை இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது 17ஏ பதிவேடு.

பட்டியலில் கோடு விழுந்திருப்பது வாக்கு பதிவானதற்குச் சாட்சி அல்ல. அடுத்தடுத்த வரிசை எண்களில் இரண்டு செல்விகள் இருந்து, முதல் அலுவலர் ஒரு வரி தள்ளிக் கோடு இழுத்திருக்கலாம். 17ஏ-வில் வாக்காளரின் பட்டியல் எண், காட்டிய ஆவணம், கையொப்பம் ஆகியவை இருக்கும். வாக்காளர் அட்டை காட்டியிருந்தால் அதற்கான குறியீடு மட்டும், மாற்று ஆவணமென்றால் அதன் கடைசி நான்கு இலக்கங்கள். இந்த வாக்காளரின் எண் 17ஏ-வில் எங்குமே இல்லையென்றால் அவர் பெயரில் யாரும் வாக்களிக்கவில்லை, கோடுதான் பிழை. முகவர்களுக்குக் காட்டி, கோட்டைத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டு, அவரை இயந்திரத்திலேயே வாக்களிக்க விடலாம். ஆய்வுக்குரிய வாக்காகப் போகும் பலவும் இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாததால் போகிறவை என்பது என் கணிப்பு.

பட்டியலில் தபால் வாக்கு என்று குறியிடப்பட்டவருக்குத் தபால் சீட்டு ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கிறது. அவர் சாவடியில் இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது.

17ஏ-வில் எண் இருக்கிறது, வேறொருவர் கையொப்பமிட்டிருக்கிறார் என்றால்தான் 49பி. அடையாளம் பற்றிய கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், அவருக்கு இயந்திரத்துக்குப் பதில் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தரப்பட வேண்டும். இது தலைமை அலுவலர் காட்டும் சலுகை இல்லை, வாக்காளரின் உரிமை. ‘அதெல்லாம் எண்ண மாட்டாங்க, எதுக்கு வீணா’ என்று திருப்பி அனுப்புவது விதிமீறல்.

ஒரு சாவடிக்கு 20 சீட்டுகள் வரும். வேட்பாளர் பெயர், சின்னம், நோட்டா எல்லாம் வாக்களிக்கும் கருவியில் ஒட்டியுள்ள தாளில் உள்ளபடியே இருக்கும். பின்புறம் ‘ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பொருட்களைப் பெறும்போதே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தலைமை அலுவலர் தம் கைப்படவே அதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். 20-ம் தீர்ந்துபோகும்போல இருந்தால் மண்டல அலுவலரிடம் உடனே கேட்க வேண்டும்; தீர்ந்த பிறகு கேட்பது தாமதம்.

சீட்டைக் கொடுக்கும் முன், ஆய்வுக்குரிய வாக்குகளின் பட்டியலான படிவம் 17பி-யில் (17B) பெயர், பாக எண், வரிசை எண், முன்பே வாக்களித்த நபரின் 17ஏ எண் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் அல்லது ரேகை வாங்க வேண்டும். விரலில் மையும் இட வேண்டும். இங்கேதான் அதிகம் நடக்கும் தவறு: பழக்க தோஷத்தில் இரண்டாம் அலுவலர் அவரை 17ஏ-விலும் எழுதிவிடுவார். மாலையில் 17ஏ கணக்கு இயந்திரக் கணக்கைவிட ஒன்று கூடி நிற்கும். டெண்டர் வாக்காளர் இயந்திரத்தில் வாக்களிப்பதில்லை, ஆகவே 17ஏ-வில் அவருக்கு இடமில்லை, 17பி மட்டுமே.

அடுத்து அம்புக்குறி முத்திரையை மைதொட்டுக் கையில் கொடுத்து, வாக்களிக்கும் மறைவிடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வாக்களிக்கும் கருவியும் இருக்கிறது. முந்தைய வாக்காளர் பொத்தானை அழுத்தி நீண்ட ஒலி வந்து முடிந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே இவரை உள்ளே விட வேண்டும். இவர் வெளியே வரும்வரை மூன்றாம் அலுவலர், அடுத்த வாக்குக்கு இயந்திரத்தைத் திறந்துவிடும் ‘பேலட்’ பொத்தானைத் தொடக் கூடாது. தொட்டால் அவர் சீட்டிலும் முத்திரை குத்தி, பொத்தானையும் அழுத்திவிட்டு வருவார். அதன் பிறகு திருத்த வழியே இல்லை. அவர் சின்னத்தின் மேலோ அருகிலோ குத்தி, மடித்து, தலைமை அலுவலரிடம் தர வேண்டும். அதற்கென உள்ள உறையில் அது போக வேண்டும். பார்வையற்றவர், உடல் இயலாதவர் என்றால் துணையாள் ஏற்பாடு இதற்கும் உண்டு.

காகித வாக்குச்சீட்டாக இருந்தால்

இயந்திரத்துக்கான 49-வரிசை விதிகள் 1992-ல் சேர்ந்தவை. அதற்கு முந்தைய காகித நடைமுறையில், ஆய்வுக்குரிய சீட்டு கட்டின் கடைசி எண்ணிலிருந்து எடுக்கப்பட வேண்டும். சீட்டின் பின்புறமும் அடிக்கட்டையின் பின்புறமும் தலைமை அலுவலர் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடைசியிலிருந்து எடுப்பதால் வரிசையாக வழங்கும் மற்ற சீட்டுகளின் கணக்கு உடையாது. அங்கு நடக்கும் பெரிய விபத்து, வாக்காளர் பழக்கத்தில் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவது. அதனால் மறைவிடத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் ஆள் நிற்க வேண்டும். கறைபட்டோ கிழிந்தோ திரும்பி வரும் சீட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. அதில் ‘பழுதானது, ரத்து செய்யப்பட்டது’ என்று எழுதித் தனி உறையில் வைத்துவிட்டு வேறு சீட்டு தர வேண்டும். தமிழகத்தின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறது, அதற்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் விதிகள் தனி.

மாலையிலும் அதற்குப் பிறகும்

ஆய்வுக்குரிய சீட்டுகள் உள்ள உறையும் 17பி-யும் சேர்ந்து ஒரு பொட்டலம். படிவம் 14 தனி. குறியிட்ட பட்டியல் தனி, 17ஏ தனி. எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலர் முத்திரை. விரும்பும் முகவரும் தம் முத்திரையை இடலாம். நாட்குறிப்பில் ஆட்சேபணைகள் எத்தனை, அனுமதித்தவை எத்தனை, மறுத்தவை எத்தனை, பறிமுதலான தொகை எவ்வளவு, ஆய்வுக்குரிய வாக்குகள் எத்தனை என்று எழுத வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லையென்றாலும் ‘இல்லை’ என்று எழுதிய தாளை உறையில் வைக்க வேண்டும். காலி உறை பொருள் பெறும் மையத்தில் நள்ளிரவில் உங்களை நிறுத்தி வைக்கும்.

வாக்கு எண்ணிக்கை நாளில் அந்த உறை பிரிக்கப்படாது. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு என்றாலும் பிரிக்கப்படாது. முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு, முதலில் விழுந்த வாக்கு செல்லாதது என்று காட்டினால்தான் அதற்கு உயிர் வரும். 2008-ல் ராஜஸ்தானின் நாத்வாரா சட்டமன்றத் தொகுதியில் கல்யாண் சிங் சௌஹான் 62,216 வாக்குகளும் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகளும் பெற்றார்கள். வழக்கு ஆய்வுக்குரிய வாக்குகளைச் சுற்றியே நடந்தது. மனுவில் வாதமாக வைக்கப்படாத ஆய்வுக்குரிய வாக்குகளைக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தச் சாவடி, எந்த வரிசை எண், எத்தனை சீட்டு என்பதை மனு போடும்போதே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

அதற்கு வேட்பாளர் தரப்பில் இருக்கும் முக்கியமான காகிதம், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி. ஆய்வுக்குரிய சீட்டு எத்தனை வந்தது, எத்தனை வழங்கப்பட்டது, எந்த எண் முதல் எந்த எண் வரை என்பதெல்லாம் அதில் உண்டு. மற்றவை முத்திரைக்குள் போய்விடும். வாக்குப்பதிவு முடிந்ததும் சான்றிட்ட நகலை முகவர்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் பெயர்களும் வரிசை எண்களும் 17சி-யில் இருக்காது, எண்ணிக்கை மட்டுமே. யார் யாருக்கு டெண்டர் சீட்டு போனது என்பதை, முதல் அலுவலர் உரக்கப் படிக்கும்போதே முகவர் தம் தாளில் நேரத்தோடு குறித்திருக்க வேண்டும்.